மதியக் காட்சியில் திரும்பி வந்தவன்

அந்தப் படத்தைக் குப்பை என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் சுர்ரென்று ஏறும். சொல்கிறவர்கள் பாதிப் படம்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். வெள்ளைக்காரன் எடுத்த சிலுவைப் போர்ப் படம். ஏறக்குறைய மூன்று மணி நேரம். ஒருத்தனும் பறந்து பறந்து அடிக்கவில்லை, பாட்டு இல்லை, ஜெயித்தது யார் என்பதைக்கூட வாயைத் திறந்து சொல்லவில்லை. இதுதான் அவர்கள் சொல்லும் குறை. தமிழில் பேச வைத்தபோது அதற்குச் சூட்டிய பெயரை இங்கே எழுதப்போவதில்லை, எழுதினால் நீங்களும் சிரிப்பீர்கள். கோவில்பட்டியில் ஒட்டிய போஸ்டரில் ஒரு மண்டை ஓட்டைப் போட்டு அதன் கண்ணுக்குள் நெருப்பை வைத்திருந்தார்கள். பேய்ப் படம் என்று நம்பி வந்த கூட்டம் முதல் நாளே திட்டிக்கொண்டு போய்விட்டது.

பிற்பாடு டிவிடியில் அதை நான் ஆறேழு தடவை பார்த்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் மனசு எதிலாவது போய் நிற்கும். முற்றுகை போட்ட படைக்குத் தாகம், கோட்டைக்கு உள்ளே இருக்கிறவர்களுக்கும் தாகம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி உதட்டை நாக்கால் தடவிக்கொண்டு, ஒரே வானத்தைப் பார்த்து, வேறு வேறு பெயரைச் சொல்லிக் கும்பிடுவார்கள். மழைக்கு அண்ணாந்து பார்த்தே வயசான ஊர்க்காரர்கள் நாங்கள். எங்களுக்கு அந்த வானத்தை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் முதல் தடவை நான் பார்த்த படம் வேறு. அதை என்னையும் என் அப்பாவையும் தவிர, தியேட்டரில் இருந்த இன்னும் ஆறு பேர்தான் பார்த்தார்கள்.

அப்பா சினிமாவே பார்க்காத மனுஷர். விளாத்திகுளம் பக்கத்திலிருந்து வரும் மிளகாய் வத்தலை வாங்கி விற்கிற கமிஷன் மண்டி வைத்திருந்தார். காலையில் போனால் ராத்திரிதான் வீடு. அப்படிப்பட்டவர் திடீரென்று மதியம் இரண்டு மணிக்கு மண்டியைப் பூட்டிவிட்டுத் தியேட்டருக்குப் போக ஆரம்பித்தார். என்ன படம் என்று பார்ப்பதில்லை. ஒரே படத்தை நாலு நாள் தொடர்ந்து பார்த்தார். கதை என்ன என்று கேட்டால் முழிப்பார். மூன்று மணிக்கு அவர் மண்டியில் இருக்கக் கூடாது, அவ்வளவுதான் என்பது எங்களுக்குத் தெரிய ஒரு மாதம் ஆயிற்று.

முதலில் மண்டியில் மூட்டை தூக்குகிறவர்தான் என்னைத் தெருவில் மறித்துச் சொன்னார்.

"தங்கச்சி, அண்ணாச்சி படத்துக்குப் போகாத அன்னைக்கு மூணு மணியானா மூடைக்குப் பின்னால போயிப் போயிப் பாக்காவ. யாரு அங்கனன்னு கேக்காவ. எங்களுக்கே ஒரு மாதிரியா இருக்கு."

எனக்கு எதையும் மனசில் வைத்துக்கொண்டு இருக்கத் தெரியாது. அன்றைக்கு அப்பா சாப்பிட உட்கார்ந்ததும் நேராகக் கேட்டுவிட்டேன். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிசைந்து பிசைந்து அது கூழாகிவிட்டது.

"அவ தும்முதாட்டி" என்றார்.

"யாருப்பா?"

"உங்க அக்கா."

அம்மா கையிலிருந்த கரண்டியை அப்படியே சட்டிக்குள் விட்டுவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

வத்தல் மண்டிக்குள்ளேயே கிடக்கிறவர்களுக்குத் தும்மல் வராது. மூக்குக்குப் பழகிவிடும். புதிதாக உள்ளே வருகிறவர்கள்தான் தும்மித் தவிப்பார்கள். அக்கா அந்த மண்டிக்காரருக்கே பிறந்தவள், ஆனாலும் அவளுக்குக் கடைசிவரை பழகவில்லை. தினமும் மூன்று மணிக்குத் தூக்குவாளியில் காபி கொண்டுபோவாள். வாசல்படி தாண்டியதும் மூன்று தும்மல், எண்ணி வைத்தது போல. அப்பா தலையைத் திருப்பாமலே "வந்துட்டா" என்பார். ஆட்கள் சிரிப்பார்கள். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு எல்லாரையும் முறைப்பாள்.

அவள் தீப்பெட்டி ஆபீஸ் ஒன்றில் மெக்கானிக்காக இருந்தவரைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டாள். அவர் ஆர்சி கிறிஸ்தவர். இவளும் ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டாள். அப்பா பேச்சை நிறுத்தினார். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு, எதிரே வந்தால் இவர் அந்தப் பக்கம் போய்விடுவார். ஒன்றரை வருஷத்தில் மஞ்சள் காமாலை முற்றி அவள் செத்துப்போனாள். அன்றைக்குத்தான் அப்பா முதல் தடவையாக அந்த வீட்டு வாசலுக்குப் போனார். போனவர் உள்ளே போகவில்லை. எம் பிள்ளையை எங்க முறைப்படி எரிக்கணும், கொடுங்க என்று தெருவில் நின்றார். அவர்கள் முடியாது, எங்க கோயில் கல்லறையில்தான் வைப்போம் என்றார்கள். காலையிலிருந்து மத்தியானம்வரை இரண்டு பக்கமும் நின்று கத்தியது. நடுவீட்டில் அவள் கிடந்தாள், ஈ விரட்டக்கூட ஒரு ஆள் இல்லாமல். கடைசியில் அப்பா, "அப்படி ஒரு மக எனக்குப் பொறக்கவே இல்லன்னு நெனச்சுக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து தலை முழுகினார். எங்களையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். அந்தக் கல்லறைத் தோட்டம் இருக்கிற ரோட்டில்கூட மூன்று வருஷமாக அவர் கால் வைக்கவில்லை.

"எரிக்காம விட்டுட்டோம்" என்றார் அப்பா, கூழான சோற்றைப் பார்த்துக்கொண்டு. "அதான் அவ போகல. அங்கனயும் இல்ல, இங்கனயும் இல்ல. மூணு மணியானா வந்து நிக்கா."

"அப்ப அங்க ஒரு தரம் போயிப் பாத்துட்டு வாங்களேன்."

"பொறக்கவே இல்லன்னு சொல்லிட்டு எந்த மூஞ்சியோட போக?"

எனக்கு வந்த கோபத்துக்கு என்னென்னவோ பேசியிருப்பேன். அவர் சட்டைக் காலர் கழுத்தைவிட்டுத் தள்ளி நின்றதைப் பார்த்தேன். அவ்வளவு இளைத்துவிட்டார். அந்த மாதம் அவர் ராத்திரிச் சாப்பாட்டை விட்டே விட்டார். இப்படியே போனால் இவரையும் பறிகொடுத்துவிடுவோம் என்று அம்மா சாமிப்படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழுதாள்.

மறுநாள் நான் மண்டிக்குப் போனேன். டைப்ரைட்டிங் வகுப்பு எடுக்கிற வேலை எனக்கு, காலையும் சாயங்காலமும்தான். மதியம் சும்மாதான் இருப்பேன். அப்பா தியேட்டருக்குப் போனபிறகு மாற்றுச் சாவியைப் போட்டுத் திறந்தேன். பேய் பிசாசை நம்புகிற ஆள் இல்லை நான். அதை அவருக்கு நிரூபித்துவிட வேண்டும் என்ற வீம்பு. உள்ளே கூரை முட்ட மூட்டைகள். ஓட்டில் பதித்த கண்ணாடி வழியாக ஒரு துண்டு வெயில் விழுந்து, அதில் சிவப்புத் தூசி நகராமல் நின்றது. வெளியே ஒரு லாரி போனது. பிறகு அதுவும் இல்லை.

மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து ஒரு தும்மல் கேட்டது.

ஒன்றுதான். மிச்சம் இரண்டுக்காக நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வரவில்லை. போய்ப் பார்த்தேன். சுவருக்கும் மூட்டைக்கும் நடுவே ஒரு ஆள் ஒருக்களித்துப் போகிற இடம். தரையில் ஒரு கை அளவு வத்தல் சிந்திக் கிடந்தது. பின்சந்தில் போனவர் யாராவது தும்மியிருப்பார்கள். அப்படித்தான் சொல்லிக்கொண்டு வெளியே வந்து பூட்டினேன். தெருமுனைக்கு வந்த பிறகுதான் செருப்பை அங்கேயே விட்டுவிட்டு வந்தது தெரிந்தது. திரும்பிப் போய் எடுக்கவில்லை.

அதன்பிறகு அப்பாவுடன் நானும் மதியக் காட்சிக்குப் போக ஆரம்பித்தேன்.

அந்தப் படம் பார்த்த அன்று நல்ல மழை. ஐப்பசி அடைமழை. கரிசல் ரோடெல்லாம் களியாகிக் கிடந்தது. தியேட்டருக்குள் எங்களோடு சேர்த்து எட்டே பேர். கூரையில் எங்கேயோ ஒழுகி, காலி நாற்காலி ஒன்றின் மேல் சொட்டு விழுந்துகொண்டே இருந்தது.

படத்தில் ஒரு கிழவர் வருவார். கோட்டைச் சுவரைச் செப்பனிடுகிற கொத்தனார். அவருடைய மகன் ஒரு பெண்ணுக்காக மதம் மாறி எதிர்ப்படையில் போய்ச் சேர்ந்துவிட்டான். இவர் உள்ளே கல் வைத்துப் பூசுகிறார், அவன் வெளியே நின்று அந்தக் கல்லைப் பெயர்க்கிற கூட்டத்தில் இருக்கிறான். இது தெரிந்ததும் எழுந்து போய்விடலாம் என்று அப்பாவைப் பார்த்தேன். வழக்கமாகத் திரையைப் பார்த்தபடி வேறு எங்கேயோ இருப்பவர், அன்று முன் சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

இடைவேளை முடிந்து வெகுநேரம் படம் போடவில்லை. மழைச் சத்தம் மட்டும். யாரோ ஒருவர் விசிலடித்துப் பார்த்து ஓய்ந்தார். பிறகு சட்டென்று தொடங்கியது. ஒருநாள் சண்டையை நிறுத்தி இரண்டு பக்கமும் பிணம் பொறுக்குகிறார்கள். உடுப்பை உரித்துவிட்டதால் எது யார் பிணம் என்று தெரியவில்லை. கிழவரும் தேடுகிறார். மகனைக் கண்டுபிடிக்கிறார். கண்டுபிடித்துவிட்டு, "இவன் என் மகன் இல்லை" என்று சொல்லிவிட்டு நகர்ந்து போகிறார். யாரோ இரண்டு பேர் அவனைக் காலைப் பிடித்து இழுத்துக் குழியில் போடுகிறார்கள். பக்கத்தில் அப்பா மூச்சுவிடுகிற சத்தமே எனக்குக் கேட்கவில்லை.

திரை ஒரு நிமிஷம் வெள்ளையாக நின்றது. அடுத்து ஒரு சாயங்காலம். கிழவர் தனியாகச் சுவர்மேல் நிற்கிறார். கீழே, சுவருக்கு வெளியே, அந்த மகன் நிற்கிறான். குழியில் போட்ட அதே மகன். கையில் தண்ணீர்த் தோல்பை.

"அப்பா, நான் இங்கேதான் இருக்கிறேன். தாகமாக இருக்குமே உங்களுக்கு. இறங்கி வாங்க."

கிழவர் இறங்கிப் போகவில்லை. சுவரைப் பிடித்திருந்த அவர் கை மட்டும் நடுங்கியது. வெகுநேரம் அந்தக் கையையே காட்டினார்கள். மகன் காத்திருந்து பார்த்தான், தோல்பையைச் சுவரடியில் வைத்தான், திரும்பி இருட்டுக்குள் நடந்து போனான். ஒரு இசை இல்லை, ஒன்றும் இல்லை. எனக்கு முதுகில் மயிர் கூச்செறிந்தது. முன்வரிசையில் இருந்தவர், "ஏலே, இவன் செத்துட்டாம்லா?" என்று பக்கத்து ஆளிடம் கேட்டார்.

அப்பா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"தண்ணி கொண்டாந்திருக்காம்ட்டி" என்றார். "பழி தீக்க வரல. தண்ணி குடுக்கத்தான் வந்திருக்கான். இந்தக் கிழட்டுப் பய எறங்கிப் போகாம நிக்கான்."

அதற்கு மேல் படத்தில் நடந்த எதுவும் எனக்கு நினைவில்லை. கோட்டை விழுந்தது. அப்பா என் மணிக்கட்டை விடவே இல்லை.

படம் முடிந்து அப்பா முன்னால் இறங்கிப் போனார். நான் படிக்கட்டில் வரும்போது ஆபரேட்டர் மேலே இருந்து ஓடிவந்தார். அப்பா தினமும் வருவதால் எங்களைத் தெரியும்.

"தங்கச்சி, கோவிச்சுக்கிடாதீக. இந்தப் படத்துக்கு எட்டயபுரத்துக்கும் நமக்கும் சேத்து ஒரே பிரிண்டு. அங்கன ஓட ஓட இங்கன ஒரு பய வண்டில கொண்டாருவான். இன்னைக்கு மழைல அந்தப் பய அஞ்சாம் பிலிம் பெட்டியக் களிக்குள்ள விட்டுட்டு, ஆறாம் பெட்டியோட வந்து நிக்கான். தெரை சும்மா கெடக்கக் கூடாதுல்லா, ஆறைப் போட்டுட்டேன். அப்புறம் அஞ்சு வந்துச்சு, அதையும் போட்டுட்டேன். மொதலாளிட்ட ஏதும் சொல்லிராதீக."

எனக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. அவன் தண்ணீர் கொண்டுவந்தது சாவதற்கு முன்னால். செத்தவன் யாரும் திரும்பி வரவில்லை. அந்தக் கிழவர் நடுங்கியது பயத்தில் இல்லை, கோபத்தில். அந்த நடிகரை நான் இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடுவேன். டிவிடியில் சரியான வரிசையில் அந்தக் கையைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்திருக்கிறேன். கோபம் என்று நினைத்துப் பார்த்தால் கோபம், பயம் என்று நினைத்துப் பார்த்தால் பயம். பெட்டி எப்படி மாறினாலும் தாங்குகிற மாதிரி நடித்த மனுஷனை வைத்து எடுத்த படத்தைத்தான் இவர்கள் குப்பை என்கிறார்கள்.

கீழே அப்பா மழைவிட்ட ரோட்டில் நின்றுகொண்டிருந்தார். வாசலில் ஒருத்தி மெழுகுவர்த்தியும் செவ்வந்திப் பூவும் கூடையில் வைத்து விற்றுக்கொண்டிருந்தாள். குடும்பம் குடும்பமாக ஆட்கள் அதை வாங்கிக்கொண்டு ஒரே பக்கமாக நடந்துபோனார்கள்.

"எங்கட்டி எல்லாரும் போறாவ?"

"இன்னைக்குக் கல்லறைத் திருநாள்ப்பா."

அப்பா அந்தக் கூட்டத்தைப் பார்த்தார். எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பெட்டி மாறிப்போச்சுப்பா, அவ்வளவுதான், செத்தவன் வரவெல்லாம் இல்லை என்று. மனசில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாத எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். சொன்னால் அப்பா வீட்டுக்குத்தான் வருவார். நாளைக்கு இரண்டு மணிக்கு மறுபடி மண்டியைப் பூட்டுவார். வாயை மூடிக்கொண்டேன். அப்பா காலமாகும்வரை நான் அதைச் சொல்லவில்லை. அந்தத் தும்மலைப் பற்றி அவரும் அதன்பிறகு பேசவில்லை.

"வா" என்று சொல்லிவிட்டு அவர் கூட்டத்தோடு நடந்தார். பூ வாங்கவில்லை, மெழுகுவர்த்தி வாங்கவில்லை. செருப்பில் களி அப்பி அப்பிப் பாதி வழியில் அதைக் கழற்றி எறிந்துவிட்டார்.

கல்லறைத் தோட்டத்தில் இருட்டத் தொடங்கியிருந்தது. எல்லாக் கல்லறையிலும் மெழுகுவர்த்தி. ஆட்கள்மேல் கீழேயிருந்து வெளிச்சம் பட்டு ஒருத்தர் முகம்கூடத் தெரிந்த முகமாக இல்லை. நூற்றுக்கணக்கான பேர், ஆனால் யாரும் சத்தமாகப் பேசவில்லை, முணுமுணுவென்று ஜெபம் மட்டும். அக்காவுடையது எது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. அப்பா ஒவ்வொரு சிலுவையாகக் குனிந்து பெயர் வாசித்துக்கொண்டு போனார். அக்கா பெயரை வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனார். உயிரோடு இருந்தபோது ஒன்றரை வருஷம் சொல்லாத பெயர்.

கடைசி வரிசையில் அத்தான் குத்த வைத்து உட்கார்ந்திருந்தார். சிமெண்ட் பூசாத மண்மேடு. திருநாளுக்காகப் புது மண் போட்டு ஒழுங்கு பண்ணியிருந்தார், மழை அதைக் கரைத்திருந்தது. அப்பாவைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அடிக்கப் போகிறாரோ என்று எனக்குப் பயம். யாரை யார் என்றும் தெரியவில்லை.

"இங்கனயா?" என்றார் அப்பா.

"ஆமா மாமா."

மெழுகுவர்த்தி ஒன்று அணைந்தது, அத்தான் அதைப் பற்றவைத்தார்.

"அன்னைக்கு ஒங்களுக்காகத்தான் குழிய மூடாம வச்சிருந்தோம்" என்றார் அத்தான், நெருப்பைப் பார்த்துக்கொண்டே. "பெட்டிய உள்ள எறக்கிட்டு, ஒரு பிடி மண்ணு போட நீங்க எப்படியும் வருவியன்னு ஆளு அனுப்பினேன். சாமியார் ரெண்டு தரம் கேட்டாரு, மூடிரலாமான்னு. இருட்டுறவரைக்கும் வச்சிருந்தோம் மாமா."

ஆள் வந்தது எனக்குத் தெரியாது. அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. அவர் முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. வந்த ஆளிடம் என்ன சொல்லி அனுப்பினார் என்று அவரும் சொல்லவில்லை, அத்தானும் சொல்லவில்லை.

அப்பா ஈரத்தில் மண்டியிட்டார். பக்கத்திலிருந்து ஒரு பிடி மண்ணை அள்ளி மேட்டின்மேல் கையை நீட்டி விரித்தார். மழையில் ஊறிய கரிசல், விழவில்லை. உதறினார். விரலோடு ஒட்டிக்கொண்டு தொங்கியது. மறுபடி உதறினார், மறுபடியும். அதற்குள் அவருக்கு அழுகை வந்துவிட்டது.

"போடுதேன், விழ மாட்டேங்குட்டி" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். "நானும் போடுதேன், விழ மாட்டேங்கு."

அத்தான் பக்கத்தில் குத்த வைத்து அப்பாவின் கையைத் தன் மடியில் வாங்கிக்கொண்டார். பெருவிரலால் ஒவ்வொரு விரலாக அந்தக் களியை வழித்து, வழித்து, அக்காவின்மேல் போட்டார்.